வடவெள்ளி எத்தனை விரல்

1957 ஜனவரி 20, ஞாயிறு

இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மூன்றாவது முறை எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை. இந்தத் தோணியின் சமையற்காரர் இன்னாசி, சுக்குத் தட்டிப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கடலுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சு வாத்தியாரய்யா. இனிமே அது உங்கள ஒண்ணும் செய்யாது."

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தினேன். கடல் எனக்குச் சுவரில் தொங்கிய நீலத் துணி. ஓய்வு பெற்றபின் ஒரு தடவையாவது அதன்மேல் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மைத்துனர் கஸ்பார்தான் இந்த 'சலேத்து மாதா' தோணியின் தண்டல். தண்டல் என்றால் தோணியில் தலைவர். அவர் சொல்லே சட்டம். தூத்துக்குடியிலிருந்து கூரை ஓடும் அரிசியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறோம். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். என் மனைவி பிலோமினாள் உயிரோடிருந்தால் புருஷனையும் தம்பியையும் ஒரே மூச்சில் திட்டி இருவரையும் கரையில் நிறுத்தியிருப்பாள்.

ஜனவரி 22, செவ்வாய்

எழுந்து உட்கார முடிகிறது. உப்புநீரில் துவைத்த வேட்டி இடுப்பை அறுக்கிறது.

கஸ்பார் மிகவும் மெலிந்திருக்கிறார். ஐப்பசியில் மஞ்சள் காமாலை கண்டு கிறிஸ்மஸ் வரை படுக்கை. மீன் கிடையாது, எண்ணெய் கிடையாது, வெறும் பத்தியக் கஞ்சி. இந்தப் பயணம் வேண்டாம் என்று முதலாளியே சொன்னாராம். ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"கரையில உக்காந்தா கரையிலயே உக்கார வேண்டியதுதான் அத்தான். என் தோணில இன்னொருத்தன் தண்டலா ஏறிட்டான்னா, நான் பெறகு எங்க போயி ஏற?"

முதலாளி இரண்டாவது தோணி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார். கஸ்பார் யாரைக் கைகாட்டுகிறாரோ அவரே அதற்குத் தண்டல். கைகாட்டப்படப் போவது சுக்கான் பிடிக்கும் பெலவேந்திரன் என்று தோணியில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பெண்பிள்ளைகள். நல்ல கை, நல்ல கண், வாய்தான் கொஞ்சம் கூட.

மாலையில் ஒரு காட்சி கண்டேன். பொழுது இறங்கி, முதல் வெள்ளிகள் தோன்றிய வேளை. கஸ்பார் பாய்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டார்:

"ஏலே பெலவேந்திரா, வடவெள்ளி எத்தனை விரல்?"

பெலவேந்திரன் கையை நீட்டி விரல்களைப் படுக்கவைத்து, கடல் விளிம்புக்கும் வடவெள்ளி என்னும் துருவ நட்சத்திரத்துக்கும் நடுவே அளந்தான். "அஞ்சு, தண்டலே."

"மேற்க மேகம் இருக்கா?"

"இல்ல."

"ஆறாமீன் எங்க நிக்கு?"

"உச்சியில."

ஆறாமீன் என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். எனக்கு மெய்சிலிர்த்தது. நானும் இப்படித்தான் செய்வேன். நல்ல ஆசிரியன் விடையைத் தன் கையில் மூடி வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பான். என் மைத்துனருக்குள் இப்படி ஓர் ஆசிரியர் இருப்பது இத்தனை காலம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஜனவரி 24, வியாழன்

காற்று இல்லை. பாய்கள் ஈரத் துணிபோல் தொங்குகின்றன. கன்னியாகுமரி மலைகள் நேற்றே மறைந்துவிட்டன.

ஜனவரி 25, வெள்ளி

இன்று கஸ்பார் எனக்கு விரல் கணக்கை விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதிவைக்கிறேன்.

ஊர்க் கோயில் கோபுரத்தை விட்டு விலகி நடக்க நடக்கக் கோபுரம் தாழ்ந்துகொண்டே போகுமல்லவா? வடவெள்ளியும் அப்படியே. நாம் தெற்கே போகப் போக அது கடலை நோக்கி இறங்கும். தூத்துக்குடிக் கரையில் ஐந்து விரல் உயரம். மாலத்தீவுப் பக்கம் போனால் இரண்டு, இரண்டரை. தோணியில் திசைகாட்டி இருக்கிறது. ஆனால் அது எந்தப் பக்கம் போகிறோம் என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு வந்தோம் என்று சொல்லாது. அதைச் சொல்வது விரல்தான்.

"நாலு விரல் வரைக்கும் தொறந்த கடல் அத்தான். கண்ண மூடிட்டு ஓடலாம். மூணு விரலுக்கு வந்துட்டா ராத்திரி ஓடக் கூடாது. பாய எறக்கிட்டு விடியிற வரைக்கும் மெதக்கணும். அங்க தண்ணிக்குள்ள பவளத்திட்டு இருக்கு. தட்டினா முடிஞ்சுது."

"ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு தடிமன் ஆயிற்றே?" என்று கேட்டேன்.

இன்னாசி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "நம்ம சுக்கானி விரலு முருங்கைக்காய் வாத்தியாரய்யா. அவனுக்கு நாலுன்னா மத்தவனுக்கு அஞ்சு."

"ஒமக்கு அகப்பைய வச்சு அளந்தாத்தான் சரியா வரும். போவும்" என்றான் பெலவேந்திரன்.

கரையிலேயே அவன் விரலை அளவு பார்த்துக்கொண்டாராம் கஸ்பார். முன்பெல்லாம் தண்டலே அளப்பார், இந்தப் பயணத்தில்தான் சுக்கானியிடம் கேட்கிறார் என்றார் இன்னாசி. புதுத் தோணிக்கு ஆளைத் தயார் செய்ய வேண்டாமா?

ஜனவரி 27, ஞாயிறு

ஜெபமாலை சொன்னோம். பூசை கிடையாது. மீண்டும் காற்று செத்துக் கிடக்கிறது. குடிதண்ணீருக்கு அளவு வந்துவிட்டது. கீழே வெங்காயம் அழுகும் வாடை.

பழைய மாலுமிகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எல்லோரும் பையன்களைப்போல் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ராப்பலகையைப் பற்றிச் சொன்னேன். ஒரு சிறு பலகை, நடுவே முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டி, அதன் கீழ் விளிம்பு கடலையும் மேல் விளிம்பு வெள்ளியையும் தொடும்படி பிடிப்பார்கள். எந்த முடிச்சில் சரியாகிறதோ அதுவே ஊர். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு.

"தூத்துக்குடி முடிச்சு நல்லா இறுக்கமா இருக்கும். போட்டுட்டு வந்த எவனும் அவுக்க முடியாது" என்றான் பெலவேந்திரன். எல்லோரும் சிரித்தார்கள். பாய் கட்டும் கலாசிகளில் ஒருவனான தொம்மைக்குச் சென்ற மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் மட்டும் குனிந்துகொண்டான்.

கஸ்பார் பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிடுகிறார். நோயாளிக்கு நல்ல பழக்கம். இருட்டில் என் தட்டை மிதித்துவிட்டுக் கோபப்பட்டார்: "வழியில எவம்லே வச்சது?" நான்தான் வைத்தேன். தோணியில் ஒழுங்கு வேண்டும் என்பது சரிதான். இனிமேல் ஓரமாக வைக்க வேண்டும்.

ஜனவரி 29, செவ்வாய்

வாடைக்காற்று எழுந்துவிட்டது. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. எல்லோர் முகத்திலும் களை.

காலையில் ஒரு சுறாக்குட்டி தூண்டிலில் விழுந்தது. இன்னாசி ஈரலை மட்டும் தனியே எடுத்து, மிளகு போட்டு வாட்டிக் கஸ்பாருக்குக் கொடுத்தார். எனக்கு ஒரு துண்டு வேண்டும் என்றேன், நாக்குச் செத்துக் கிடப்பதால். "உங்களுக்கு வேண்டாம் அய்யா, அது தண்டலுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டல்மேல் அவருக்கு அப்படி ஒரு பற்று.

நேற்று மாலை வடவெள்ளி நான்கரை. காற்று இப்படியே அடித்தால் சீக்கிரம் இறங்கிவிடும் என்கிறார்கள். நீரோட்டமும் மேற்கே இழுக்கிறதாம்.

ஜனவரி 30, புதன்

பெலவேந்திரன் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் இப்படி வந்து உட்காருகிறவன் அல்ல. கயிற்றைப் பிரிப்பதும் முறுக்குவதுமாக இருந்துவிட்டுக் கேட்டான்:

"வாத்தியாரய்யா, தண்டல் கேக்குறதுக்கு எனக்குத் தெரியலன்னா என்ன செய்யணும்? வடக்க கொஞ்சம் கொஞ்சமா மூடாப்பு கட்டுது. நேத்தே வெள்ளி மங்கலாத்தான் தெரிஞ்சுது. தெரியலன்னு சொன்னா, இவனுக்குக் கண்ணு பத்தாதுன்னு நெனச்சுருவாரோ?"

"அதற்குள் புதுத் தோணி நினைப்பா?"

சிரித்தான். "பொட்டப்பிள்ளைக மூணு இருக்கே அய்யா. சுக்கான் பிடிச்சே மூணு பேரக் கரையேத்த முடியுமா?"

அவனுக்குத் தைரியம் சொன்னேன். பரீட்சைக்குப் பயந்த எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். விடைத்தாளை வெறுமையாக விட்டு எழுந்து வருகிறவனுக்கு மதிப்பெண் கிடையாது. நேற்றைய விடையைக் கொண்டு இன்றையதைக் கணக்குப் போட்டுச் சொல். சரியாக இருந்தால் மகிழ்வார். தவறென்றால் திருத்துவார். கேட்கிறவருக்குத்தான் விடை தெரியுமே.

"அது சரிதான்" என்றான். முகம் தெளிந்து எழுந்து போனான்.

மாலையில் நான்கு விரல். வெள்ளி மங்கல்தான், ஆனாலும் தெரிந்தது.

ஜனவரி 31, வியாழன்

பகல் முழுவதும் நல்ல ஓட்டம். வடக்கே கடலும் வானமும் சேருமிடத்தில் சாம்பல் பூசியதுபோல் மூடாப்பு.

பொழுது இறங்கியதும் கஸ்பார் கேட்டார். பெலவேந்திரன் கையை நீட்டினான். நெடுநேரம் நீட்டியபடியே நின்றான். ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"நாலு, தண்டலே. கொறச்ச நாலு."

"நாலா? இன்னைக்குப் பூரா ஓடியிருக்கமே. நல்லாப் பாத்தியா?"

"நாலுதான்."

 "நீரோட்டம் எதுத்திருக்கும் போல" என்று கஸ்பார் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "சரி. பாய் இருக்கட்டும். ஓடட்டும்" என்றார்.

நானும் வடக்கே பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணாடி பழையது. தண்டல் திருத்தவில்லை. ஆகவே விடை சரி.

பிப்ரவரி 2, சனி

நேற்று எழுதவில்லை.

நேற்று விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தட்டியது. தட்டியது என்று எழுதுகிறேனே தவிர, அது ஓசையாக இல்லை. என் பற்கள் ஒன்றோடொன்று மோதியதுதான் முதலில் தெரிந்தது. தோணி ஒருமுறை தூக்கி உட்கார்ந்தது. பிறகு எழவில்லை. பின்பக்கம் அலை ஏறி அடித்தது. ஓட்டுச் சில்லுகள் கீழே நொறுங்கிக்கொண்டே இருந்தன.

கஸ்பார் சிற்றோடத்தை இறக்கச் சொன்னார். நங்கூரத்தை அதில் ஏற்றிப் பின்னால் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டால், கயிற்றை இழுத்துத் தோணியைத் திட்டிலிருந்து பின்னுக்கு நகர்த்திவிடலாம். பெலவேந்திரன் யார் சொல்லவும் காத்திருக்காமல் ஓடத்தில் குதித்தான். தொம்மை அவன் பின்னால் குதித்தான். மூன்றாவது ஆள் இறங்குமுன் ஓர் அலை ஓடத்தைத் தூக்கித் திட்டின்மேல் குப்புறப் போட்டது. கஸ்பார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆச்சுலே? என்ன ஆச்சு? எங்க நிக்கானுவ?" என்று கத்தினார். எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளுத்த பிறகு ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி ஒரு மணல்மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஏழு பேர். ஒரு பீப்பாய்த் தண்ணீர், கொஞ்சம் அரிசி, என் தகரப்பெட்டி. தொம்மை மணல்மேட்டின் ஓரத்திலேயே கிடந்தான். கைகளால் மணலைத் தோண்டி அங்கேயே வைத்தோம். பெலவேந்திரன் அகப்படவில்லை.

பொழுது சாய்ந்ததும் கஸ்பார் என் தோளைத் தேடிப் பிடித்தார்.

"அத்தான், உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். கிறிஸ்மஸ்ல இருந்து எனக்கு மாலைக்கண். பொழுது எறங்கினா எம்முன்ன ஒண்ணும் கெடையாது. வெள்ளி பாத்து மாசமாச்சு."

என் தோளை அவர் விடவில்லை.

"அவன் கண்ணுதான் என் கண்ணு. அவனுக்கே அது தெரியாது. கேள்வி கேக்குற மாதிரிக் கேட்டா ஒரு பயலுக்கும் சந்தேகம் வராதுன்னு நெனச்சேன். ஆனா ஒண்ணு மட்டும் வெளங்கல அத்தான். பாக்காததப் பாத்தேன்னு சொல்லுற ஆள் இல்ல அவன். தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாய எறக்கியிருப்பேன். அவன் ஏன் அப்படிச் சொன்னான்?"

அவருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர். வெயில். ஜெபமாலை சொல்ல நாக்கு எழவில்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

தீவுக்காரர்களின் மீன்பிடி ஓடம் ஒன்று நேற்று எங்களைக் கண்டது. அவர்கள் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்பது எல்லா மொழியிலும் ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். மொத்தமாகக் குடித்தால் செத்துப்போவோம் என்று சைகையில் காட்டி, எங்களைத் தங்கள் தீவுக்கு ஏற்றிப் போனார்கள்.

இன்று இந்தத் தீவின் கரைக்குப் பெலவேந்திரனை அலை கொண்டுவந்தது. முகம் பார்க்கும்படி இல்லை. அவன்தான் என்று இன்னாசி விரல்களைப் பார்த்துச் சொன்னார். தீவுக்காரர்கள் தென்னைக்கூட்டத்தின் ஓரத்தில் இடம் காட்டி, அவர்களே குழி வெட்டி, விலகி நின்றார்கள். கஸ்பார் ஜெபம் சொன்னார். பகல் வெளிச்சம், அவருக்கு எல்லாம் தெரிந்தது.

பிப்ரவரி 11, திங்கள்

இன்னாசி தினமும் கடற்கரைக்குப் போய்ச் சுறா ஈரலும் மீன் ஈரலும் கேட்டு வாங்கி வருகிறார். கஸ்பார் மறுக்காமல் தின்கிறார். அதில்தான் மாலைக்கண் தீரும் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியமாம். அப்படியென்றால் இன்னாசிக்கு முதலிலிருந்தே தெரியும்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா, இரண்டு உயிர் போயிற்றே, வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு பாவம் அல்லவா என்று அவரைக் கடிந்துகொண்டேன். வகுப்பில் நின்று பேசுவதுபோல் நீளமாகப் பேசினேன். அவர் தலைகுனிந்து ஈரலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"தப்புதான் வாத்தியாரய்யா. தண்டல் வேலை போயிருமேன்னு பாத்தேன். ஈரல் தின்னா ரெண்டு வாரத்துல தெளிஞ்சிரும்னு நெனச்சேன்."

பிறகு நிமிராமலே சொன்னார்:

"நீங்க அன்னைக்குக் காலையில சுக்கானிகிட்டப் பேசினப்ப நான் அடுப்புப் பக்கந்தான் இருந்தேன். நல்ல புத்திதான் சொல்லுதீயன்னு நானும் நெனச்சேன்."

 அவர் ஈரலை எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் காலில் பவளம் கிழித்த புண் இன்னும் ஆறவில்லை, உப்புத்தண்ணீரில் கழுவினேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

கஸ்பாருக்குக் கண் தெளிந்துவிட்டது. மாலையில் தனியாகக் கரைக்கு நடந்துபோய் வானத்தைப் பார்த்தபடி இருந்தார். திரும்பி வந்ததும் படுத்துக்கொண்டார். சோறும் வேண்டாம் என்றுவிட்டார்.

பிப்ரவரி 20, புதன்

தலைநகர் மாலேயிலிருந்து மாசிக்கருவாடு ஏற்றித் திரும்பும் தூத்துக்குடித் தோணி ஒன்றில் இடம் கிடைத்தது. அந்தத் தண்டல் கஸ்பாரைத் தன் பாயில் உட்காரச் சொன்னார். கஸ்பார் கலாசிகளோடு போய்ப் படுத்துக்கொண்டார்.

பெலவேந்திரனின் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கஸ்பாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அருகில் போனேன். ஒரு தடவை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை விழித்துக்கொண்டிருந்தார். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

மார்ச் 4, திங்கள்

இன்று தூத்துக்குடியில் முதலாளி வீட்டில் விசாரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் நான்கைந்து பேர், தப்பி வந்த நாங்கள், பெலவேந்திரனின் மனைவி சந்தியாகம்மாள். தொம்மையின் மனைவியை அவள் அம்மா வீட்டிலிருந்து அனுப்பவில்லை. சந்தியாகம்மாள் வாசற்படியை ஒட்டி, கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு ஏற்கெனவே ஊரில் பரவியிருந்தது. சுக்கானி விரலைத் தப்பாகச் சொன்னதால்தான் தோணி போயிற்று என்று கலாசிகள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டது உண்மைதானே, எல்லோர் காதிலும் அந்த 'நாலு' விழுந்திருக்கிறது. முதலாளியும் அதையேதான் கேட்டார்.

"மூணு வெரலு இருக்கும்போது நாலுன்னு சொல்லிட்டானாமே கஸ்பார்? நெசமா?"

சந்தியாகம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

கஸ்பார் எழுந்து நின்றார். "இல்ல மொதலாளி. அவன் மூணுன்னுதான் சொன்னான். நான்தான், உனக்குக் கண்ணு சரியில்லலே, நல்லாப் பாரு, நாலுன்னு அதட்டினேன். நாலுன்னு அவன் சொன்னது என் வாய்க்குப் பயந்து. சீக்கிரம் போய்ச் சேரணும்னு எனக்கு அவசரம். பாய எறக்காதது நான். அவன்மேல ஒரு குத்தமும் இல்ல."

 கலாசிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை.

"அப்ப ரெண்டு உசிரும் ஒம்ம தலையில" என்றார் முதலாளி.

"என் தலையிலதான்."

"இனிமே இந்தத் துறையில எந்தத் தோணியும் ஒமக்குக் கெடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

மாலைக்கண்ணைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நோய் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் இரக்கம் கிடைத்திருக்கும். ஆனால் நோயைச் சொன்னால், பார்த்தவன் பெலவேந்திரன் மட்டும்தான் என்பதும் வெளியே வந்துவிடும்.

முதலாளி இன்னாசியைப் பார்த்தார். "நீரு அங்கதான இருந்தீரு. என்ன நடந்துது?"

இன்னாசி என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கண் இமைப்பாகவும் இருக்கலாம்.

"நான் அடுப்படியில இருந்தேன் மொதலாளி. புகை. எனக்கு ஒண்ணும் காதுல விழல."

சந்தியாகம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கஸ்பாரின் எதிரே வந்து நின்றாள். அவர் முகத்தில் காறித் துப்பினாள். யாரும் தடுக்கவில்லை. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை. என்னைக் கடந்து போகும்போது மட்டும் அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடி, "வாரேன் அய்யா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய மூத்தவள் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.

மற்ற எல்லோரும் தரையில். வாத்தியார் என்பதால் எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டம் கலையும் வரை அதில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.